டெட்ராபாட்: நாற்கால் கல்

நான்கு திசையில் கால் நீட்டி நிற்கும் காங்கிரீட் கட்டை. கடலோரத்தில் அலையை முறிக்கக் குவிப்பது. கிரேக்கத்தில் ‘டெட்ரா’ என்றால் நான்கு, ‘பாட்’ என்பது கால். பெயர்தான் பழசு. கட்டை 1950-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர நீரியல் ஆய்வகத்தில் பிறந்தது. முதலில் இறங்கியது மொராக்கோவின் காசாபிளாங்கா அனல்மின் நிலையத்தில்.

தமிழில் ‘நாற்காலி’ எனலாம் என்றால், அதில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்துவிட்டார். ‘நாற்கால் கல்’ போதும். கரையோரத்தில் ‘கல் கொட்டுவது’ என்றுதானே பேச்சு. ‘தூண்டில் வளைவு’ வேறு: அது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கட்டுமானம். அதன்மேல் நாற்கால் கல்லைப் போர்த்துவதும் உண்டு.

வேலை செய்வது கல்லைவிட இடைவெளிதான். இரண்டு அடுக்காகப் போட்டால் கிட்டத்தட்ட பாதி இடம் வெற்றிடம். அலை அதற்குள் புகுந்து சிதறி வலுவிழக்கிறது. கீழடுக்கில் மூன்று கால் ஊன்றி ஒரு கால் நிமிர்ந்திருக்கும். மேலடுக்கைக் கிரேனால் தலைகீழாக இறக்கிக் கோக்க வேண்டும். சரியாகக் கோக்காத கல் அலைக்கு அலை ஆடும். உள்ளே பெரும்பாலும் கம்பி கிடையாது என்பதால் ஆடி ஆடிக் கால் ஒடியும். அடிவாரத்து மணல் அரித்தாலோ மேலே இருப்பதெல்லாம் சரிந்துவிடும்.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இதன் தேவை எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நகரை விரிக்க, தெற்கே பவளத்திட்டின் விளிம்புவரை கடலைத் தூர்த்தார்கள். அலையை உடைத்துவந்த ஆழமற்ற திட்டு போயிற்று. 1987 ஏப்ரலில், தொலைதூரப் புயல் அனுப்பிய பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. பிறகு ஜப்பான் நிதியுதவியுடன் தெற்கே நாற்கால் கல்லாலான அலைதடுப்பு எழுந்தது. தொடர்ந்து தீவைச் சுற்றிலும் கடல்சுவர் கட்டினார்கள். 2004 சுனாமியில் நகருக்குள் நீர் ஏறினாலும் சேதத்தை இந்த அரண் மட்டுப்படுத்தியது.

கணக்கு ஒன்று. அலையின் உயரம் இரு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். பவளத்திட்டின் மேல் எவ்வளவு பெரிய அலை வரலாம் என்பதை நீரின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. கடல் மட்டம் உயர உயர ஆழம் கூடும், அலையும் பெரிதாகும். இன்று போதுமான எடை நாளை போதாது.

எல்லாத் தீவுக்கும் இதுவே மருந்து என்று நினைப்பது தவறு. மாலத்தீவில் மலையும் இல்லை, கல்குவாரியும் இல்லை. ஜல்லி கப்பலில் வர வேண்டும். தவிர, அங்குள்ள சிறு தீவுகளில் மணல் பருவக்காற்றோடு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்த் திரும்பும். நடுவில் அரண் வைத்தால் அந்தப் போக்குவரத்து அறுந்து பக்கத்துக் கரை கரையும். மாலேயைச் சுற்றி அப்படி இழக்க மணற்கரை அநேகமாக மிச்சமிருக்கவில்லை.