கௌபாய் போட்டி: காலிபரை முடிவு செய்யும் முன்

அமெரிக்காவில், பழைய பாணித் துப்பாக்கிகளால் நேரத்தோடு போட்டியிட்டுச் சுடும் கௌபாய் துப்பாக்கிப் போட்டிகளில் சேர விரும்புகிறவர்களில் பலர், துப்பாக்கியை வாங்கிய பிறகுதான் என் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஏன் .45 கோல்ட் தோட்டாவுக்கான துப்பாக்கியை வாங்கினீர்கள் என்று கேட்டால், "கௌபாய் என்றால் அதுதானே" என்கிறார்கள். தொப்பியையும் பூட்சையும் ஆசைக்காக வாங்கலாம். காலிபரை, அதாவது தோட்டாவின் அளவை மட்டும், எதில் என்ன கோளாறு வரும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொல்லையே தராத காலிபர் என்று எதுவும் கிடையாது. நம்மால் சமாளிக்கக்கூடிய தொல்லை எது என்பதுதான் கேள்வி.

முதலில் போட்டி விதிகள், சுருக்கமாக. 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி ஒருவருக்கு இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள் (கைப்பிடியை இயக்கித் தோட்டா ஏற்றுவது), ஒரு ஷாட்கன். இலக்குகள் எஃகுத் தகடுகள், அதுவும் கிட்டத்தில். சிதறித் திரும்பி வந்து யாரையும் காயப்படுத்திவிடக் கூடாது என்பதால் ஈயக் குண்டுக்கு மட்டுமே அனுமதி. செம்பு உறையிட்ட குண்டு கூடாது. ரிவால்வர் குண்டின் வேகம் வினாடிக்கு 1,000 அடியையும், ரைபிள் குண்டின் வேகம் 1,400 அடியையும் தாண்டக் கூடாது. ஒரு குறி தவறினால் உங்கள் நேரத்தில் 5 வினாடி ஏறும். பலத்துக்கு இங்கே பரிசு இல்லை. தகடு "டங்" என்று ஒலித்தால் போதும்.

அந்தக் கணக்கில் .38 ஸ்பெஷல்தான் முன்னால் நிற்கிறது. 1898-ல் வந்த தோட்டா, கௌபாய் காலத்துக்குப் பிந்தியது என்று வரலாற்றுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பின்னுதைப்பு குறைவு, செலவு குறைவு, மறுபடி நிரப்புவதற்கான வெற்றுக்கூடு (தோட்டாவின் உலோக உறை) எளிதாகக் கிடைக்கிறது. வேகமாகச் சுடுகிறவர்கள் கையில் நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். பெரும்பாலும் .357 மேக்னம் என்ற நீளமான தோட்டாவுக்கான துப்பாக்கியிலேயே இதைச் சுடுகிறார்கள், சுடலாம். ஆனால் மேக்னம் கூட்டின் நீளம் 1.29 அங்குலம், .38-இன் கூடு 1.155 அங்குலம். தோட்டா அமரும் அறையில் மிஞ்சிய இடத்தில் கரி வளையமாகப் படியும். துடைக்காமல் விட்டால் அடுத்து போடும் மேக்னம் தோட்டா முழுதாக உள்ளே இறங்காது.

ரைபிளில் நீளத்தால் வரும் வம்பு வேறு. 1873 வின்செஸ்டர் மாதிரியில், தோட்டாவைத் தூக்கிவிடும் கட்டைக்குள் இருக்கும் தோட்டாவின் நீளம்தான் பின்னால் வருவதை வெளியே நிறுத்தி வைக்கிறது. தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்தது உள்ளே தலையை நீட்டிவிடும். கட்டை மேலே ஏறாது. நெட்டையாக இருந்தாலும் சிக்கும். "லீவர் இறுகுகிறது" என்று வரும் ரைபிளில் ஒரு கோளாறும் இல்லாமல், தோட்டாவை அளந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிடுவது வாடிக்கை. ரைபிளைக் கொண்டுவரும்போது நீங்கள் சுடும் தோட்டாவிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்.

இனி .45 கோல்ட். கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்தில், கூடு நிறைய மருந்து கொள்வதற்காகச் செய்த பெரிய தோட்டா. இன்றைய புகையற்ற மருந்தில் இந்தப் போட்டிக்கு வேண்டிய அளவு, அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம்போலக் கிடக்கும். வீட்டில் தோட்டா நிரப்புகிறவர் கவனம் சிதறி இரண்டாம் முறை மருந்து போட்டாலும் கூடு வழியாது, கண்ணுக்கும் தட்டாது. மருந்தே விழாமல் போனாலும் அப்படித்தான். வெறும் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் சிறு மூடி) வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். பின்னால் டைமர் ஓடிக்கொண்டிருக்க, "டப்" என்ற மெலிந்த சத்தத்தைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டுவிடுகிறார்கள்; அது சிக்கி நிற்கும் குண்டில் போய் மோதும். அப்படி வந்த குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மோதிரம் போட்டதுபோல் ஒரு நிழல் தெரியும். வெளியே விரலால் தடவினால் அதே இடத்தில் புடைப்பு. குழலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. துப்பாக்கி வெடித்துக் கையைப் பதம் பார்க்காமல் விட்டதே பெரிது. சத்தம் வித்தியாசமாக இருந்தால் அந்தச் சுற்று போனால் போகிறது என்று நிறுத்துங்கள்.

.45-இல் இன்னொரு விபரீதம் உண்டு. வேட்டைக்கென்று அதிக அழுத்தத்தில் செய்த தோட்டாக்கள் இதே பெயரில், இதே உருவத்தில் விற்கின்றன. சாதாரண .45 கோல்ட் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. பழைய மாதிரியில் செய்த ரிவால்வர்கள் அதற்குத் தக்கவை. பெட்டியில் "பிளஸ் பி" (அதிக அழுத்தம்) என்று இருந்தால் தொடாதீர்கள். தாத்தா காலத்து அசல் கோல்ட் ரிவால்வர் யாரிடமாவது இருந்தால், 1900-க்கு முந்தையதா என்று வரிசை எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தையது என்றால் அதில் புகையற்ற மருந்தே கூடாது.

வரலாறுதான் முக்கியம் என்பவருக்கு .44-40 பொருத்தம். 1873-இல் வின்செஸ்டர் ரைபிளோடு பிறந்தது. 1878 முதல் கோல்ட் ரிவால்வரும் இதே தோட்டாவுக்கு வந்தது. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா என்ற வசதியை அந்தக் காலத்து ஆட்கள் இதில் அனுபவித்தார்கள். சுட்ட கூடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: .44-40-இல் கழுத்தோடு கரி நின்றுவிடும், குறைந்த மருந்தில் சுட்ட .45-இல் பக்கவாட்டு முழுதும் கறுத்திருக்கும். மெல்லிய கழுத்து விரிந்து புகையை அடைத்துக்கொள்வதுதான் காரணம். கருமருந்தில் சுடுகிறவர்களுக்கு ரைபிளின் உள்பாகம் சுத்தமாக இருப்பது பெரிய வரம். அதே மெல்லிய கழுத்து, தோட்டா நிரப்பும்போது சற்றே அசந்தாலும் கசங்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு .32 அளவுகள் இருக்கின்றன.

எதை எடுத்தாலும் இரண்டு ரிவால்வர், ரைபிள் என்ற மூன்று துப்பாக்கிக்கும் ஒரே காலிபர் இருக்கட்டும், ஷாட்கன் இந்தக் கணக்கில் சேராது. .38-40 என்பது .44-40 கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. தவறுதலாக .44-40 அறைக்குள் போட்டால் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். சுட்டால் கூடு விரிந்து உருமாறி வெளியே வரும். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டு அளவு வைத்திருக்கும் வீடுகளில், ஒரே வண்டியில் இரண்டு பெட்டியையும் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

குண்டின் மூக்கையும் கவனியுங்கள். லீவர் ரைபிளில் குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னதன் மூக்கு முன்னதன் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். கூர் மூக்கோ உருண்டை மூக்கோ இருந்து, பின்னுதைப்பில் ஓங்கி இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். ரைபிளுக்குத் தட்டை மூக்குதான். உருண்டை மூக்கு ரிவால்வரில் பாதகமில்லை என்று தனியாக ஒரு பெட்டி வாங்கி வைக்காதீர்கள். ஒரே காலிபர் என்பதால் அது என்றைக்காவது ரைபிளுக்குள் போய்ச் சேரும். இரண்டுக்கும் தட்டை மூக்கையே வாங்கிவிடுங்கள்.