பட்டறிவு: பாடு பாதி, அறிவு பாதி

பொதுவாழ்வில் இருந்த ஒருவரின் அரசியலையோ சமயப் பற்றையோ விளக்கும்போது, "அவருடைய அனுபவம் அவரை அப்படி ஆக்கியது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த இடத்தில் வரும் 'அனுபவம்' என்ற சொல்லுக்கு நேரான தமிழ் 'பட்டறிவு'. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் பொருள் சற்று மாறுகிறது. அந்த மாற்றம் நமக்கு ஆதாயமானது.

அனுபவம் வடசொல். 'அனு' என்ற முன்னொட்டும் 'இருத்தல், ஆதல்' என்று பொருள்படும் வேரும் சேர்ந்து, ஒன்றோடு ஒட்டியிருந்து உணர்தல் என்ற கருத்தைத் தருகின்றன. தமிழில் அது பெரும்பாலும் இன்பத்தின் பக்கம் சாய்ந்தே புழங்கியது. சைவர் 'சிவானுபவம்' என்றார்கள். நாகர்கோவிலில் நிலப் பத்திரம் ஒன்றை விரித்துப் பார்த்தால் 'ஆண்டு அனுபவித்து வருகிற' என்ற தொடர் கண்ணில் படாமல் இராது. அங்கே அனுபவம் என்பது தேங்காய் வெட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை. இந்தப் பொருளுக்குத் துய்ப்பு, நுகர்வு ஆகிய சொற்கள் பொருந்தும், பட்டறிவு பொருந்தாது.

பட்டறிவின் முதற்பாதி 'படு' என்ற வினை. கண்ணில் படுவது, காதில் படுவது, அடி படுவது, துன்பப்படுவது என எல்லாவற்றிலும் ஒன்று நம்மீது வந்து விழுகிறது. அதை நாம் தேடிப் போவதில்லை. சங்கச் செய்யுளில் மறையும் கதிரவன் 'படுஞாயிறு'. குமரிமுனையில் மாலையில் கூட்டம் கூடி நின்று பார்ப்பது அந்தப் படுதலைத்தான். இதன் பெயர்ச்சொல் 'பாடு'. குமரிக் கடற்கரையில் கரையேறும் வள்ளக்காரரிடம் பாடு எப்படி என்று கேட்டால், வலையில் விழுந்த மீனைப் பற்றிக் கேட்கிறோம் என்று பொருள். அதே ஊர்க் கோயிலில் தவக்காலத்தில் 'திருப்பாடுகள்' என்றால் கிறிஸ்து சிலுவையில் பட்ட துன்பம். மீனும் துன்பமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதில் முரண் இல்லை. இரண்டும் வந்து படுபவை. தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் வகுத்த 'உற்றறிவு', தொடுதலால் வரும் அறிவு, இச்சொல்லின் மூத்த உறவினர் எனலாம்.

இரண்டாம் பாதியான 'அறிவு' என்பதைத்தான் நாம் அடிக்கடி விழுங்கிவிடுகிறோம். பட்டது மட்டும் கொள்கை ஆகாது; பட்டதிலிருந்து ஒருவர் எதை அறிந்துகொண்டார் என்பது வேறு கணக்கு. இதைச் சோதித்துப் பார்க்கக் குமரி மாவட்டம் தகுந்த இடம், ஏனெனில் பழைய திருவிதாங்கூரின் சாதிக் கட்டுக்குள் வாழ்ந்தவர்களே முற்றிலும் வேறு வேறு திசைகளில் சென்றிருக்கிறார்கள்.

1809இல் சுவாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட, தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவனுக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் எதிர்க்க, அது முத்துக்குட்டி என்று மாறியது. 1833இல் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று மீண்டதாக அன்பர் நம்பும் அவர், அய்யாவழி என்ற சமய நெறியைத் தொடங்கிய வைகுண்டர் ஆனார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையிலும் வைத்தது. இன்றும் அந்நெறியாரின் வழிபாட்டிடமான சுவாமித்தோப்புப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டியே நுழைகிறார்கள். உள்ளே கண்ணாடி இருக்கிறது, அதன் முன் நிற்பவர் தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே காண்கிறார். பெயரிலிருந்து பறிக்கப்பட்ட முடியை அவர் எல்லார் தலையிலும் துணியாகக் கட்டிவிட்டார் என்று நான் படிக்கிறேன். பாடு அரசியல், அதிலிருந்து பிறந்த அறிவு சமயம்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தத்தின் கதை நேர்மாறானது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுப் பிள்ளையான அவர்மீது தீண்டாமை படவில்லை. அவர் கண்ணில் பட்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924இல் தொடங்கிய போராட்டத்தில் இளைஞராகச் சேர்ந்தார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார், பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கிச் சிறை சென்றார், பொதுவுடைமையில் நிலைத்தார். அதே மனிதர் மேடையில் கம்பனை மணிக்கணக்காகப் பேசினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'இது நடந்தது, ஆகவே இப்படி ஆனார்' என்ற ஒற்றைவரி விளக்கம் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும்.

பள்ளியாடியில் 1895இல் பிறந்த மார்ஷல் நேசமணியோ கிறித்தவர், வழக்கறிஞர். அவருடைய பட்டறிவு சமயத்தைத் தொடாமல் மொழியைப் பிடித்துக்கொண்டது; திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்ததில் அது முடிந்தது.

ஆகவே ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'பாடு' அல்லது 'பட்டது' போதும்; அதிலிருந்து அவர் கொண்ட தெளிவையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில்தான் 'பட்டறிவு' வர வேண்டும். 'கசப்பான அனுபவம்' என்பதைக் 'கசப்பான பட்டறிவு' என்று மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அது பிழை என்றே கருதுகிறேன்; கசந்தது பாடுதான், அறிவு அல்ல.

சொல்லை மாற்றும் ஆர்வத்துக்கும் ஜீவாவிடம் ஒரு கதை உண்டு. தனித்தமிழ்ப் பற்றால் தம் பெயரை 'உயிரின்பன்' என்று மாற்றிக்கொண்ட அவர், தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளைக் காணச் சென்று கதவைத் தட்டியபோது, உள்ளிருந்து அடிகள் "போஸ்ட்மேனா?" என்று கேட்டாராம். திரும்பி வந்தவர் மீண்டும் ஜீவானந்தம் ஆகிவிட்டார் என்று சொல்வார்கள்.