நிலோஃபர்: குவளைப் பூவின் பாரசீகப் பெயர்

நிலோஃபர் என்ற பெயருக்குப் பொருள் கேட்டால் பலரும் 'தாமரை' என்று சொல்லிவிடுகிறார்கள். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படியே வருகிறது. பூ அதுவல்ல. நிலோஃபர் என்பது நீரில் பூக்கும் நீலப் பூ. நாம் குவளை, கருங்குவளை என்று சொல்லும் பூ. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பெயரின் வேர் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பொருளைத் தாமரை என்று வைத்துக்கொண்டால் அந்த வேர் கண்ணில் படாது.

தமிழ்நாட்டில் இது அடிக்கடி காதில் விழும் பெயர் அல்ல. 2014 அக்டோபரில் அரபிக் கடலில் உருவான புயலுக்குப் பாகிஸ்தான் கொடுத்திருந்த பெயர் 'நிலோஃபர்'. நம்மில் பலர் செய்தியில் முதன்முதலாக இதைக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம், வாணியம்பாடித் தொகுதியில் வென்று 2016 முதல் 2021 வரை தமிழக அமைச்சராக இருந்த நிலோபர் கபில். உருது பேசும் குடும்பங்கள் நிறைய உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இந்தப் பெயர் அந்நியமாகத் தெரியாது. ஹைதராபாத் போய் வந்தவர்களுக்கு நிலோஃபர் மருத்துவமனையும் தெரிந்திருக்கும்.

இனி சொல்லுக்கு வருவோம். வடமொழியில் நீலம் என்பது நிறம், உத்பலம் என்பது நீர்ப்பூ. இரண்டும் சேர்ந்தால் நீலோத்பலம். தமிழில் அதை நீலோற்பலம் என்று எழுதினோம். இது மேற்கே போய், பழைய ஈரானின் மொழியான நடுப் பாரசீகத்தில் 'நீலோபல்' ஆயிற்று. பிறகு பகரம் ஃபகரமாக மாறியது. கடைசி லகரம் ரகரமாயிற்று. ஒரே சொல்லில் இரண்டு லகரம் வந்தால் நாக்கு ஒன்றை மாற்றிக்கொள்வது பல மொழிகளிலும் உண்டு. இப்படி வந்ததுதான் நீலோஃபர். இன்றைய ஈரானில் நடுவிலுள்ள ஓகாரம் ஊகாரமாகி 'நிலூஃபர்' என்கிறார்கள். உருதுவோ பழைய ஓகாரத்தை விடவில்லை. ஆகவே வாணியம்பாடியில் ஒரு தாய் தன் மகளை 'நிலோஃபர்' என்று கூப்பிடும்போது, அந்த ஓசை டெஹ்ரானைவிட நீலோற்பலத்துக்குத்தான் நெருக்கம். எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இது.

பாரசீகத்தில் இது வெறும் பூப்பெயராக நின்றுவிடவில்லை. ஈரானின் பழைய சமயமான ஜரதுஷ்டிர சமயத்தின் நூலான புந்தஹிஷ்ன் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு பூவைச் சொல்கிறது. அதில் நீருக்குரிய ஆபானுக்கு உரியது இந்த நீர்ப்பூ. பண்டைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் அரண்மனைச் சிற்பங்களில் அரசன் கையில் பிடித்திருக்கும் பூவையும் ஈரானியர் நிலூஃபர் என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே பேச்சு வழக்கில் நிலூஃபர் என்றால் வேலியில் படர்ந்து காலையில் பூக்கும் கொடிப்பூவையும் குறிக்கும். அதனால் குளத்துப் பூவைத் தனியாகச் சொல்ல 'நிலூஃபரே ஆபி', அதாவது நீர் நிலூஃபர் என்பார்கள். 'நீல்' என்ற முதல் பாதி பாரசீகத்தில் அவுரிச் சாயத்துக்கும் பெயர். அதுவும் இங்கிருந்து போனதுதான். அரபியில் 'அந்நீல்' ஆகி, போர்ச்சுக்கீசியத்தில் 'அனில்' ஆகி, வேதியியலில் 'அனிலின்' என்ற பெயர்வரை அது வந்துவிட்டது.

பூவின் பெயரும் அங்கேயே நிற்கவில்லை. அரபு மருத்துவ நூல்கள் வழியாக லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் 'நெனுஃபார்' ஆயிற்று. அங்கே இதன் எழுத்தே ஒரு சர்ச்சையாகிவிட்டது. முதலில் எஃப் போட்டுத்தான் எழுதினார்கள். நீர்த்தேவதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவு என்று எண்ணி, 1935-இல் பிரெஞ்சு அகாதமியின் அகராதி அதைப் பி-எச் போட்டு எழுதியது. கிரேக்கம் அல்ல, அரபியும் பாரசீகமும் வழியாக வந்த சொல் என்பதால் 1990 எழுத்துச் சீர்திருத்தம் மறுபடியும் எஃப் எழுதலாம் என்றது. 2016-இல் அது பள்ளிப் புத்தகங்களுக்கு வரப்போகிறது என்றதும் பிரான்ஸ் முழுக்கச் சண்டை. அவர்கள் சண்டை போட்ட சொல்லின் வேர் நம் குளத்துப் பூ.

பெண்பெயராக இது துருக்கியில் நன்றாக வேர்பிடித்தது. அங்கே 'நிலுஃபெர்' என்பார்கள். உஸ்மானிய (ஒட்டோமான்) ஆட்சியாளர் ஓர்ஹானின் மனைவி, முதலாம் முராதின் தாய், நிலுஃபெர் ஹாத்தூன். தாயின் பெயரில் முராத் 1388-இல் இஸ்னிக் நகரில் எழுப்பிய அன்ன சத்திரக் கட்டடம் இன்று அந்த ஊரில் ஓர் அருங்காட்சியகம். புர்சாவில் ஓர் ஆற்றுக்கும் ஒரு மாவட்டத்துக்கும் இந்தப் பெயர்தான்.

அந்தத் துருக்கியிலிருந்தே பெயர் ஒரு முறை இந்தியாவுக்கு மணமகளாகவும் வந்தது. 1916-இல் இஸ்தான்புல்லில் பிறந்த உஸ்மானிய இளவரசி நிலோஃபர், 1931-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் ஹைதராபாத் நிஜாமின் இரண்டாவது மகன் முஅஸ்ஸம் ஜாவை மணந்தார். அவருடைய பணிப்பெண் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனார். அந்தத் துயரத்தில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் முயன்றதன் பலன்தான் மேலே சொன்ன நிலோஃபர் மருத்துவமனை. இன்றும் தெலங்கானாவின் மூலைமுடுக்கிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். பெயர் அரியதாக இருக்கலாம்; ஹைதராபாத்தில் அதைத் தெரியாத தாய் இருக்க மாட்டாள்.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? முதலில் தாமரையை ஒதுக்கிவிடுவோம். குளத்தில் இறங்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். தாமரை இலை பிளவில்லாத வட்டம், நீருக்கு மேலே எழுந்தும் நிற்கும், தண்ணீர் ஒட்டாமல் உருளும். குவளை, அல்லி இனத்தின் இலை நீர்மேல் படுத்திருக்கும், காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு ஓடும். தாவரவியலில் இரண்டும் வேறு வேறு குடும்பம். நம் முன்னோர் இந்தப் பூக்களைக் கலந்துவிடவே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் ஆம்பலும், 'தண்கயக் குவளை'யும், 'நீள்நறு நெய்தல்'உம், தாமரையும் தனித்தனியாக வருகின்றன. நீலம் என்ற சொல் மட்டுமே நின்று இந்தப் பூவைக் குறிப்பதும் உண்டு. காவி என்றால் இன்று துணியின் நிறம் மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆனால் கருங்குவளைக்கு அது ஒரு பழைய பெயர். கருங்குவளை போன்ற கண் உடையவளைக் காவியங்கண்ணி என்றார்கள். மன்மதனின் ஐந்து மலர்க்கணைகளில் தாமரை வேறு, நீலோற்பலம் வேறு.

ஆகவே பூவுக்கு நேர்ச்சொல் கருங்குவளை. இலங்கையின் தேசிய மலராக 1986-இல் அறிவிக்கப்பட்டதும் இந்த இனத்து நீலப்பூதான். பெயராக வைப்பதற்குக் குவளை என்பது மிக அழகானது. இன்று அது தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்கும் ஆகிவிட்டதால் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்கு வருத்தம்தான்.

பெண்பெயராகவே நேர் இணை வேண்டும் என்றால் திருவாரூருக்குப் போக வேண்டும். அங்கே தியாகராசர் கோயிலில் ஓர் அம்மன் நீலோத்பலாம்பாள். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் கௌளை வகை ராகங்களில் அவள்மேல் தனியாக ஒரு கீர்த்தனை வரிசையே பாடியிருக்கிறார். அவளுடைய தமிழ்ப் பெயர் அல்லியங்கோதை. நிலோஃபர், நீலோத்பலாம்பாள், அல்லியங்கோதை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், முதல் இரண்டும் ஒரே சொல்லின் இரு உருவம். மூன்றாவது அதே குளத்துப் பூவைச் சூடிய தமிழ்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. நிலோபர், நிலுபர், நிலோஃபர், நிலூஃபர் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அழைக்கும் ஓசைக்கு 'நிலோஃபர்' பொருந்தும். ஆய்தம் இல்லாமல் 'நிலோபர்' என்று எழுதுவதையும் நான் பிழை என்று சொல்ல மாட்டேன். நடுப் பாரசீகத்தில் அங்கே இருந்தது பகரம்தான்.