அன்போடு கொடுத்த பாதிப் பனடோல்

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மிருக வைத்தியக் கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரத்தில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. ஓர் அக்கா, சந்தைக்குக் கொண்டுபோகும் கூடையைத் துவாயால் மூடி நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். கூடைக்குள் லட்டு, இரண்டரை வயதுக் கடுவன் பூனை. முகம் வீங்கியிருந்தது, வாயால் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய பல் முரசு மண் நிறத்தில் இருந்தது.

"ஏதாவது மருந்து கொடுத்தீங்களா அக்கா?"

"இல்லை டொக்டர்."

இன்னொரு தரம் கேட்டேன். அப்போதும் இல்லை என்றார். இரத்தம் எடுத்தேன். ஊசிக் குழாய்க்குள் ஏறிய இரத்தம் சிவப்பாக இல்லை, சொக்லேட் நிறத்தில் இருந்தது. அதை அவரிடம் காட்டி மூன்றாவது தரம் கேட்டபோதுதான் அழத் தொடங்கினார். "பின்னேரம் உடம்பு சுட்டது டொக்டர். பாதிப் பனடோல்தான் குடுத்தனான். பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரித்தான்."

இந்த மாதம் இது மூன்றாவது பூனை. முதலாவது என் மேசையிலேயே இறந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பனடோலில் இருக்கும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. கொஞ்சம் கூடினால் நஞ்சு என்று இல்லை, பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. எங்கள் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் கிட்டத்தட்ட இல்லை. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் போனதற்கே சில பூனைகளுக்கு நஞ்சேறியிருக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை நாலு கிலோப் பூனைக்குக் கொடுத்தால் அது கிலோவுக்கு அறுபதைத் தாண்டும். சில மணி நேரத்தில் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாத இரத்தமாக மாறிவிடும். பூனை மூச்சு இழுக்கும், காற்று உள்ளே போகும், ஆனாலும் உடம்புக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. சிரப்பாக இருந்தாலும், "சின்னப் பிள்ளைகளின் மருந்துதானே" என்றாலும், இதுதான் நடக்கும்.

நாய் வளர்ப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நொண்டுகிறது என்று இபுபுரோஃபனும், அப்பாவின் முழங்கால் வலிக்கு வாங்கி மிஞ்சிய டைக்ளோபினாக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கறுப்பாக மலம் போகிறது என்று கொண்டுவருகிறார்கள். இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசிந்தால்தான் அப்படிப் போகும். சிறுநீரகமும் சேர்ந்து கெடும்.

சரி, "உடம்பு சுட்டது" என்ற கதைக்கு வருகிறேன். இதைத்தான் எத்தனை தரம் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. நாய்க்கும் பூனைக்கும் இயல்பான வெப்பநிலையே எங்களுடையதைவிடக் கூட. எங்களுக்கு 37 பாகை செல்சியஸ் என்றால் அவற்றுக்கு 38 முதல் 39 வரை. அதாவது நல்ல சுகத்தோடு இருக்கும் பூனையின் வயிற்றில் நீங்கள் கை வைத்தால் உங்கள் கைக்குச் சுடத்தான் செய்யும். காது சுடும், தொடை இடுக்கு சுடும். வெயில் பட்ட ஜன்னல் கட்டையில் படுத்து எழும்பி வந்தால் இன்னும் சுடும். அது காய்ச்சல் இல்லை. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் சுகம் என்ற கணக்கும் சரியில்லை. தூங்கி எழும்பிய நாயின் மூக்குக் காய்ந்துதான் இருக்கும். கடும் காய்ச்சலோடு ஈர மூக்கு நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலை வெப்பமானி வைத்துத்தான் பார்க்கவேண்டும், அதுவும் ஆசனவாயில். வீட்டில் அதைச் செய்யச் சிரமமாக இருந்தால், சாப்பிடுகிறதா, எழும்பி நடக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் கைக்குச் சுட்டதற்காக எந்த மருந்தும் வேண்டாம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் எங்களிடம் வாருங்கள். இரண்டில் எதுவானாலும் பனடோலுக்கு அங்கே வேலை இல்லை.

இதைச் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "டொக்டர், எங்களுக்கு அது பிள்ளை மாதிரி." தெரியும். அந்த அக்கா கூடையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் பிள்ளை மாதிரி நேசித்தாலும் அதன் உடம்பு பூனை உடம்பு, நாய் உடம்பு. அதற்கு எது நல்லது என்று அந்த உடம்பைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

சாப்பாட்டிலும் இதே பிரச்சினைதான். மத்தியானம் மிஞ்சிய சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து வைக்கிறோம். சொதியில் வெங்காயம் இருக்கிறது, கறியிலும் குழம்பிலும் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. இவை நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். அவித்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஒரு நாளில் விழ வைக்காது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோகை பிடிக்கும், "வயதாகிவிட்டது, அதுதான் படுத்தே கிடக்கிறது" என்று நாங்களே காரணம் சொல்லிக்கொள்வோம். சர்க்கரைப் பொங்கலில் போடும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவித்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். அடுப்பில் கறி கூட்டுவதற்கு முன், உப்பும் தூளும் போடாமல் அவித்த இறைச்சியில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டால் போதும். பெரிய வேலை இல்லை.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை, மரியாதையோடுதான் சொல்கிறேன். நானும் வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவன். தயிர்ச் சோறும் பாலும் மட்டும் கொடுத்து வளர்த்த ஒரு பூனையைப் போன வருடம் பார்த்தேன். கண்ணின் பின்திரை கெட்டு, சுவரில் முட்டி முட்டி நடந்தது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டோரின் என்ற சத்தைப் பூனையால் தன் உடம்பில் போதுமான அளவு உண்டாக்க முடியாது. அது குறைந்தால் கண்ணும் போகும், இருதயமும் பலவீனப்படும். வீட்டில் மச்சம் சமைக்க விருப்பமில்லை என்றால் கடையில் விற்கும் பூனை உணவைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், தயவுசெய்து பூனை வளர்க்க வேண்டாம். முயல் வளர்க்கலாம்.

அப்புறம் உண்ணி. கொழும்பின் இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் வருடம் முழுவதும் உண்ணிக் காலம்தான். உண்ணிக் காய்ச்சலோடு நாய் வராத வாரம் எனக்கு நினைவில்லை. எல்லோரும் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை டொக்டர்" என்பார்கள். முதுகில் தேடிப் பயனில்லை. காது மடலுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, கக்கத்தில், வாலின் அடியில், முக்கியமாகக் கால் விரல்களுக்கு இடையில் பாருங்கள். ஒவ்வொரு விரலையும் விரித்து, நடுவிலுள்ள தோலை உங்கள் விரல் நுனியால் தடவவேண்டும். மிளகு அளவில் ஒன்று தட்டுப்பட்டால், சாமணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் பூசவே வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கினால் நுரையீரல் வரைக்கும் கெடும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, அது படுக்கும் சாக்கையும் வெயிலில் போடவேண்டும், மூலையையும் கூட்டவேண்டும். இன்னொன்று: நாய்க்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள். வலிப்பு வந்து செத்துப்போகும்.

இந்த உண்ணி தேடும் ஐந்து நிமிடம்தான், என்னைக் கேட்டால், நாய்க்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய அன்பு. தினமும் இரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். தடவும்போது புதிதாக ஒரு கட்டி இருந்தால் கைக்குத் தெரியும், மெலிந்திருந்தால் விலா எலும்பு சொல்லும். உதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். சுகமாக இருக்கும் நாளில் அந்த நிறத்தைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் நோய் வரும் நாளில் வித்தியாசம் தெரியும். மண் நிறமோ வெள்ளைக் கடதாசி நிறமோ வந்தால் காலையாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் மண் தட்டையும் தினமும் பாருங்கள். பூனை தட்டில் குந்திக் குந்தி முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை. உடனே மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் பருக்குகிறார்கள். கடுவன் பூனைக்கு அது பெரும்பாலும் மூத்திர அடைப்பு. ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் உயிரே போகும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கூப்பிடுங்கள். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்ததாக நான் யாரையும் கோபித்ததில்லை.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் போன ஏப்ரலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி வீதி (Galle Road) நடைபாதையில் பக் நாயை நடத்திக்கொண்டு போனவரைக் கண்ணால் கண்டேன். உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தையும் வைக்கக்கூடாது. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிராக்கும் வழியும் பாதிதான். விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகு கடற்கரைப் பக்கமோ கூட்டிப் போங்கள். தொடர்மாடியில் ஹஸ்கி வளர்ப்பவர்களோடு தனியாகப் பேசவேண்டும், இன்று இடமில்லை.

தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வெடிச்சத்தத்தில் ஓடித் தொலைகிற நாய்கள் எத்தனையோ. அந்த இரவுகளில் கதவு ஜன்னலைச் சாத்தி, ஓர் அறையில் அதன் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தாலே போதும்.

விசர் தடுப்பூசி பற்றிக் கெஞ்சித்தான் கேட்கிறேன். அரசாங்கமே நாய்களுக்கு இதை இலவசமாகப் போடுகிறது. "எங்கள் நாய் வீட்டை விட்டு இறங்குவதில்லை" என்பார்கள். நாய் இறங்காவிட்டாலும் தெருப் பூனை மதில் ஏறி வரும். பூனைக்கும் போடவேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, மிருகத்துக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யச் சொன்னால் "ஒரு தரமாவது குட்டி போடட்டும், பாவம்" என்பார்கள். குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு வயது போகப் போகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்துத்தான் உண்டு. அந்தக் குட்டிகளைப் பிறகு கோயில் வாசலில் பெட்டியோடு வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதினால் என் கை நடுங்கும்.

லட்டு பிழைத்துவிட்டது. அசெற்றைல்சிஸ்ரீன் என்ற நஞ்சு முறிக்கும் மருந்து கையில் இருந்தது, இரவு முழுவதும் ஒட்சிசன் வைத்தோம், மூன்றாம் நாள் அவித்த சூரை மீனை மணந்து பார்த்துச் சாப்பிட்டது. ஆனால் அந்த அக்கா முதல் தரம் கேட்டபோதே சொல்லியிருந்தால் இருபது நிமிடம் முந்தியிருப்போம். ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் மறைத்தார் என்று பிறகு சொன்னார். முதல் பூனையின் வீட்டாரும் அப்படித்தான் மறைத்தார்கள், அங்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது.

என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை வாசலில் வைத்தே சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். புறப்படும்போதே தொலைபேசியில் சொன்னால் நீங்கள் வந்து சேருவதற்குள் மருந்தை ஊசியில் ஏற்றி வைத்திருப்பேன். ஏச மாட்டேன்.