கால்வலி எப்போது சமூகப் பிரச்சினை ஆகிறது?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணி எடுக்கப் போகிறவர்களின் கண் புடவையில் இருக்குமே தவிர, அதை விரித்துக் காட்டும் பெண்ணின் கால்களில் இருப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உடலின் பாரத்தை வலது காலில் ஏற்றி, இடது குதிகாலைச் சற்றே தூக்கி, சில நிமிடங்களில் காலை மாற்றிக்கொள்வார். வாடிக்கையாளர் நகர்ந்ததும் பின்னாலுள்ள அலமாரியின் விளிம்பில் இடுப்பைச் சாய்ப்பார். சூப்பர்வைசர் வருவது தெரிந்ததும் நிமிர்ந்துகொள்வார். காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிய வேண்டும். ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும்போது அந்த இயக்கம் குறைந்து சிரைகளில் இரத்தம் தேங்குகிறது. நரம்புச் சுருட்டல் என்று மக்கள் சொல்லும் வெரிகோஸ் நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. வலி ஏன் வருகிறது என்பதற்கு உடலியல் தரும் விளக்கம் இது. இதே வலி எந்தக் கட்டத்தில் சமூகப் பிரச்சினையாகக் கருதப்படுகிறது, ஏன் அதற்கு முன்பு கருதப்படவில்லை என்பது சமூகவியலின் கேள்வி.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959 இல் இதற்கு ஒரு தெளிவான அளவுகோலைத் தந்தார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லையென்றால், அது அவருடைய சொந்தத் துன்பம். அவருடைய திறமை, குணம், வாய்ப்பு ஆகியவற்றில் காரணம் தேடலாம். ஐந்து கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், வேலைவாய்ப்பின் கட்டமைப்பே குலைந்துவிட்டது என்று பொருள். துணிக்கடைப் பெண்ணின் கால்வலிக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு மட்டும் வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்வதில் தவறில்லை. ஒரு தளம் முழுவதும் வலிக்கிறது, அடுத்த கடையிலும் வலிக்கிறது என்றால், வேலை நேரத்தையும் கடையின் அமைப்பையும் முதலாளி வகுத்த விதிகளையும் பார்த்தாக வேண்டும். ஆனாலும் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை இந்த எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது. நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அதை யாரும் பிரச்சினை என்று அழைக்கவில்லை.

சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் ஃபுல்லரும் ரிச்சர்ட் மையர்ஸும் 1941 இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் உதவுகிறது. எந்தச் சமூகப் பிரச்சினைக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு என்றார்கள் அவர்கள். ஒன்று, எண்ணியும் அளந்தும் பார்க்கக்கூடிய புறநிலை. மற்றொன்று, அந்த நிலை தாங்கள் போற்றும் நெறிக்கு மாறானது என்று கணிசமானோர் கருதுவது. இரண்டாவது இல்லாதபோது முதலாவது வெறும் நிலைமையாகவே கிடக்கும். ராபர்ட் மெர்ட்டன் இவ்வாறு உணரப்படாமல் கிடப்பவற்றை மறைந்துள்ள பிரச்சினைகள் என்று வகைப்படுத்தி, அவற்றை வெளிக்கொணர்வதும் ஆய்வாளரின் கடமை என்றார். மால்கம் ஸ்பெக்டரும் ஜான் கிட்சூஸும் 1977 இல் இன்னொரு திசையில் வெகுதூரம் சென்றார்கள். சமூகப் பிரச்சினை என்பதே ஒரு செயல்பாடு, அதாவது சிலர் கூடி ஒரு நிலையைச் சுட்டி, இது தகாது, இதை மாற்ற வேண்டும் என்று முறையிடுவதுதான் அது என்பது அவர்களுடைய வாதம். யார் முறையிடுகிறார்கள், எந்தச் சொற்களில், யாரிடம், என்ன பதில் கிடைக்கிறது என்று பார்ப்பதே ஆய்வின் வேலை என்று அவர்கள் வரையறுத்தார்கள். முறையிட வழியில்லாதவர்களின் துன்பம் இந்த வரையறைக்குள் வராமல் போய்விடும் என்பதால், மெர்ட்டனின் எச்சரிக்கையையும் கைவிடக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

உட்காரும் உரிமையின் வரலாறு இதற்குப் பொருத்தமான சான்று. பிரிட்டனில் 1899 ஆம் ஆண்டிலேயே, கடைகளில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் பக்கத்தில் அந்தப் பேச்சு வலுப்பெற்றது கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில். அங்கே கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் திரண்டு, முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். 2018 இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்த திருத்தம், 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை எல்லா ஊழியர்களும் பயன்படுத்திக்கொள்ளத் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. 1899 இலும் 2021 இலும் காலின் சிரைகள் ஒரே மாதிரிதான் இயங்கின. இடையில் மாறியது, நிற்பதைப் பற்றி மக்கள் பேசிய விதம்.

அது மாற ஏன் இத்தனை காலம் ஆயிற்று? சமூகத்தைக் குழுக்களுக்கிடையிலான போட்டியாகப் பார்க்கும் மோதல் கோட்பாட்டைச் சார்ந்தவர்கள் அதிகாரத்தைக் காரணமாகக் காட்டுவார்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, கடை நடத்தும் விடுதியில் தங்கி, சங்கம் இல்லாமல் வேலை செய்யும் ஒரு பெண், நாற்காலி கேட்டால் வேலையோடு படுக்குமிடத்தையும் இழக்க நேரிடும். ஆனால், எனக்கு இன்னும் ஆழமானதாகப் படுவது, பொருள்களுக்கும் செயல்களுக்கும் மனிதர்கள் ஏற்றும் அர்த்தத்திலிருந்து தொடங்கும் விளக்கம். நம்மிடையே உட்காருவது உடலுக்கு ஓய்வு தரும் செயல் மட்டுமாக இருந்ததில்லை. பெரியவர் முன் நிற்பது மரியாதை, அவர் முன் உட்காருவது திமிர் என்று பழகியிருக்கிறோம். யார் திண்ணையில், யார் தரையில், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதில் சாதி ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது. கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்தி வெளிவந்தது 2020 இல்தான். இப்படிப்பட்ட சமூகத்தில், உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண் வாடிக்கையாளரை மதிக்காதவராகத் தெரிவார் என்று கடைக்காரர் அஞ்சுவதையும், அந்த அச்சத்துக்கு வாடிக்கையாளர்களாகிய நாமே ஆதாரமாக இருப்பதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

கவனத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சட்டமன்றம், நீதிமன்றம், நாளேடு போன்ற பொது அரங்குகளில் இடம் குறைவு, அதனால் பிரச்சினைகள் அந்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்று 1988 இல் சமூகவியலாளர்கள் ஹில்கார்ட்னரும் பாஸ்க்கும் விளக்கினார்கள். வடசென்னையின் தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டுவது ஆண்டுதோறும் நடப்பது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோதுதான் அது உலகச் செய்தி ஆயிற்று. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்தது. தட்டுப்பாடு உண்மையிலேயே கடுமையாகியிருந்தது. அதோடு, அரங்கில் குரல் உள்ளவர்களின் குழாயும் வறண்டிருந்தது.

சட்டம் வந்ததும் கதை முடிவதில்லை. சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் 1971 இல், ஒரு பிரச்சினை தோன்றி, ஏற்பு பெற்று, மக்களைத் திரட்டி, அரசின் திட்டமாகி, கடைசியில் நடைமுறைக்கு வரும்போது வேறொன்றாக உருமாறுகிறது என்று ஐந்து கட்டங்களைக் காட்டினார். அந்த ஐந்தாம் கட்டத்தை நான் கடந்த ஐப்பசியில் ஒரு கடையின் மூன்றாம் மாடியில் கண்டேன். மேசைக்குக் கீழே நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கும் அரசு ஆய்வாளர் வந்தால் இருக்கை உள்ளது என்று குறித்துக்கொள்வார். அதன்மேல் மடிக்காத பட்டுப்புடவைகள் குவிந்திருந்தன. ஒரு நிமிடம் உட்காருங்கள், நான் மெதுவாகப் பார்க்கிறேன் என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் முதலில் கூரையோரக் கேமராவைப் பார்த்தார். “பரவாயில்லைக்கா, பழகிப்போச்சு” என்று சொல்லிவிட்டு, காலை மாற்றிக்கொண்டு அடுத்த புடவையை விரித்தார்.