கோலி என்டரைட்டிஸ்: சொல் விளக்கம்

கைக்குழந்தையின் வயிற்றுப்போக்குக்குச் சென்னை மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஈ.கோலி என்டரைட்டிஸ்' என்று எழுதியிருந்தால், வீட்டில் அதை 'லூஸ் மோஷன்' என்றோ, 'பேதி' என்றோ சொல்லிக்கொள்கிறோம். இரண்டும் அறிகுறியைச் சொல்கின்றனவே தவிர, நோயைச் சொல்லவில்லை.

'என்டரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குடல் என்று பொருள். 'ஐட்டிஸ்' என்ற ஈறு அழற்சியைக் குறிக்கும்; சிவந்து கனலும் உறுப்பின் நிலையை, நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதிலிருந்து பிறந்த இச்சொல் செம்மையாக உணர்த்துகிறது. 'கோலி' என்பது லத்தீனில் 'பெருங்குடலினுடைய' என்று பொருள்படும். 1885இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், குழந்தைகளின் மலத்தில் கண்ட நுண்ணுயிரிக்குப் 'பாக்டீரியம் கோலி கம்யூனே', அதாவது பெருங்குடலில் பொதுவாக வாழும் பாக்டீரியம் என்று பெயரிட்டார். பின்னர் அவர் பெயராலேயே அது 'எஷெரிக்கியா கோலி' ஆயிற்று.

பெயரில் பெருங்குடல் இருப்பதால் இந்நோயைப் 'பெருங்குடல் அழற்சி' என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழையாகும். அது 'கொலைட்டிஸ்' என்ற வேறொரு நோய்க்குரிய பெயர். மேலும், இந்த நுண்ணுயிரியின் பெரும்பாலான வகைகள் நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மிகுதியும் தாக்கும் நோயூட்டும் வகையோ சிறுகுடலின் உட்சுவரில் இறுகப் பற்றிக்கொண்டு, சத்தையும் நீரையும் உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிழைகளைச் சிதைத்துவிடுவதால், குழந்தைக்கு நீராகவே போகிறது. 1945இல் இங்கிலாந்தில் ஜான் பிரே கைக்குழந்தைகளின் கோடைக்கால வயிற்றுப்போக்கை ஆராய்ந்து இந்தத் தொடர்பைக் காட்டினார்.

'பேதி' வடமொழி வழி வந்த சொல். நோயையும் குறிக்கும், 'பேதிக்குக் கொடுப்பது' என்னும்போது மருந்தையும் குறிக்கும். குழந்தை நோய்க்கு இந்த ஈரடித்தன்மை ஆகாது என்பது என் துணிபு. தாம்பரம் சானடோரியத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் வழங்கும் 'கழிச்சல்' தெளிவான தமிழ்ச்சொல். சீதத்தோடு போனால் சீதக்கழிச்சல், குருதியோடு போனால் குருதிக்கழிச்சல் என்று நுட்பமாகப் பிரியவும் இடந்தருவது. ஆயினும் அதுவும் அறிகுறிதான்.

ஆகவே நோய்க்குக் 'கோலிக் குடலழற்சி' என்றும், அதன் அறிகுறிக்கு 'நீர்க்கழிச்சல்' என்றும், உச்சிக்குழி பள்ளமாகி, அழுதாலும் கண்ணீர் வராத ஆபத்தான நிலைக்கு 'நீரிழப்பு' என்றும் மூன்றாகப் பிரித்து எழுதலாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஊட்டச் சொல்வது இந்த மூன்றாவதைத் தடுப்பதற்காகத்தான்.