ரத்தம் நிற்கிற குளிசை

போன மாதம் எங்கள் பாமசிக்கு ஒரு அம்மா வந்தார். "தம்பி, இவருக்கு முரசாலை ரத்தம் கசியுது. மகளுக்குத் தந்த ரத்தம் நிற்கிற குளிசையிலை நாலு தாங்கோ."

மகளுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தது ட்ரனெக்ஸாமிக் அசிட், மாதவிடாய்ப் பெருக்குக்காக. ஐயாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இருதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்பரினைத் தினமும் குடிக்கிறார். பல்வலிக்கென்று நாலு நாளாக மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையும் சேர்த்திருக்கிறார். அது வோர்பரினின் வேலையை மிஞ்ச வைத்துவிடும். குளிசை கொடுக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்.

ரத்தம் நிறுத்த ஒரே மருந்து கிடையாது. உறைந்த ரத்தத்தை உடம்பே கரைக்கப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் ட்ரனெக்ஸாமிக் அசிட். 1962இல் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்த மருந்து இது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ரத்தம் பெருகினால் 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் தாயின் உயிரைக் காக்கும் என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆனால் உலோக வால்வு உள்ளவருக்கு, யாரையும் கேளாமல் கொடுத்தால், வால்விலேயே ரத்தம் கட்டிவிடலாம்.

வோர்பரின் மிஞ்சினால் அதற்கு முறிவு விற்றமின் கே. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளை ஈரல் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் அதற்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியான ஹெபரினுக்கு முறிவு புரோட்டமின். ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபீலியா ஏ உள்ள பிள்ளைகளுக்கோ குறைந்திருக்கும் 8ஆம் உறைவுக் காரணியையே ஊசியாக ஏற்றவேண்டும். பிள்ளைப்பேற்றின்போது போடும் ஒக்சிற்றோசின் ஊசி உறைதலைத் தொடுவதேயில்லை. கருப்பையை இறுக்கி, அங்குள்ள ரத்தக் குழாய்களை நெரித்து நிறுத்துகிறது. பல் பிடுங்கிய குழியில் வைக்கும் ஜெலற்றின் பஞ்சு இன்னொரு வகை.

எங்கள் தோட்டக்காரர்கள் முக்கியமாக அறியவேண்டியது புடையன் பாம்புக் கடி. கண்ணாடிப் புடையனின் விஷம் உறைவுக் காரணிகளையே தின்று தீர்த்துவிடும். ஆஸ்பத்திரியில் கொஞ்ச ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். தண்ணீர்போல ஓடினால் விஷம் ஏறிவிட்டது. அப்போது வேண்டியது விஷமுறிவு மருந்து. அது பாமசியில் இல்லை, ஆஸ்பத்திரியில்தான் ஏற்றுவார்கள். கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே குடிக்கும் குளிசைகளின் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.